பிரேக் பிடிக்கலையா, சர்வோவை மாத்து!

ரிமோட் காரில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று வாயைத் திறந்தால் போதும், கேட்கிறவர் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டார். "சர்வோவை மாத்துங்கண்ணே." (ரிமோட் சொல்கிறபடி திரும்புகிற குட்டி மோட்டார்தான் சர்வோ.) காரைப் பார்க்க வேண்டாம், பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டாம், என்ஜின் ஓடும்போது பிடிக்கவில்லையா, அணைத்த பிறகும் பிடிக்கவில்லையா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாம். சர்வோ, முடிந்தது சோலி. நாகர்கோவிலில் கேட்டாலும் இதுதான், மார்த்தாண்டத்தில் கேட்டாலும் இதுதான், கார் விற்ற கடைக்காரனுக்குப் போன் போட்டாலும் இதுதான். எல்லாரும் ஒரே வாத்தியாரிடம் படித்தார்களா என்ன?

நான் சொல்வது திருவிழாக் கடையில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிற பேட்டரி கார் இல்லை. அசல் வண்டியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள பெட்ரோல் ரிமோட் கார். 26 சிசி டூ ஸ்டிரோக் என்ஜின். கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ண வேண்டும், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். (அந்தப் பெட்ரோலை வாங்க கேனோடு பங்க்குக்குப் போனால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள், அந்தப் புலம்பல் தனி.) நீளம் 80 சென்டிமீட்டரைத் தாண்டும், எடை 10 கிலோவுக்கு மேல். நல்ல மைதானம் கிடைத்தால் மணிக்கு 60 கிலோமீட்டர் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற பொருள் தரையில் அடிக்கிற வேகம் அது. 14 மீட்டர் என்றால் நாலு மாடி. நாலு மாடியிலிருந்து 10 கிலோ. இதைத்தான் ரோட்டில் போகிற பெரியவர் நின்று, "மக்ளே, இந்தப் பொம்மைக்கு என்ன வெலையாச்சு?" என்று கேட்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. விற்கிறவனே பொம்மை என்றுதான் நினைக்கிறான், எனக்கு வயிற்றெரிச்சல் அங்கேதான்.

சர்வோ சர்வோ என்கிறார்களே, அது என்ன செய்கிறது என்றாவது தெரியுமா? இந்த வகைக் காரில் பெரும்பாலும் ஆக்சிலேட்டருக்கும் பிரேக்குக்கும் சேர்த்து ஒரே சர்வோதான். ரிமோட்டின் டிரிகரை இழுத்தால் சர்வோவின் கை ஒரு பக்கம் திரும்பி கார்புரேட்டரைத் திறக்கும். டிரிகரை முன்னால் தள்ளினால் அதே கை மறுபக்கம் திரும்பி பிரேக் கம்பியை இழுக்கும். கம்பி ஒரு சின்ன கேமை (ஒரு பக்கம் புடைத்த துண்டு) திருப்பும், கேம் பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும். கம்பியில் ஒரு ஸ்பிரிங், அதை நிறுத்திவைக்க ஒரு காலர் (கம்பியில் மாட்டுகிற வளையம்), காலரை இறுக்க ஒரு பொடி ஸ்குரூ. இவ்வளவுதான் விஷயம். பேட்டரி இறங்கினால் சர்வோவுக்குப் பலம் இருக்காது. கையின் பல் மழுங்கினால் சர்வோ சுற்றும், கை சுற்றாது. காலர் நழுவினால் கை சுற்றும், பேடு அழுந்தாது. ரிமோட்டில் பிரேக் பக்கத்து எல்லையைக் குறைத்து வைத்திருந்தால் எல்லாமே அசையும், ஆனால் பாதியிலேயே நின்றுவிடும். இத்தனை இடத்தில் எதுவும் நடந்திருக்கலாம்.

இதில் எது என்று பார்க்க என்ஜினை அணைத்துவிட்டு, ரிமோட்டில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு காரைத் தள்ளிப் பாருங்கள். பின்சக்கரம் உருளாமல் தரையில் இழுபட்டால் சர்வோவுக்கும் நோய் இல்லை, பேடுக்கும் நோய் இல்லை. உருண்டால் மேலே சொன்ன வரிசையில் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். ரெண்டு நிமிஷ வேலை, பத்துப் பைசா செலவில்லை. செலவில்லாத காரணத்தால்தான் எவனும் சொல்வதில்லை போலிருக்கிறது.

மார்த்தாண்டத்து நண்பர் ஒருவர் இவர்கள் பேச்சைக் கேட்டு சர்வோ வாங்கினார். சும்மா இல்லை, மெட்டல் கியர், நல்ல விலை. கூரியர்க்காரன் வீட்டுக்கு வராமலேயே 'டெலிவரி ஆயிற்று' என்று போட்டு, அதைத் தேடிப்போய் வாங்கிவந்து பிரித்தால் பழைய கை புது சர்வோவில் உட்காரவில்லை. சர்வோ தண்டின் பல் 23, 24, 25 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 24-க்கும் 25-க்கும் வெறும் கண்ணால் வித்தியாசம் சொல்ல உங்களால் முடிந்தால் உங்களுக்கு ஒரு கும்பிடு. கடைக்காரனிடம் கேட்டால், "அழுத்திப் போடுங்க சார், ஏறிரும்" என்றானாம். அழுத்தினால் ஏறும்தான். பிளாஸ்டிக் கை, அழுத்தமாக நாலு பிரேக் பிடித்ததும் உள்ளே பல் வழித்துக்கொண்டு வந்துவிடும். சரி என்று அவர் பொருத்தமான கையையும் தனியாக வாங்கி மாட்டினார். பிரேக்? பழையபடியே. "அப்போ பேடை மாத்துங்க சார்." பேடுக்குப் பிறகு டிஸ்க் என்பான், டிஸ்க்குக்குப் பிறகு கியர்பாக்ஸ் என்பான். இது கோளாறு பார்க்கிற வேலையா? தவணை முறையில் இன்னொரு கார் விற்கிற வேலை.

என் காருக்கு நடந்தது இதைவிடப் பெரிய கூத்து. ஊரில் ஒரு டூவீலர் ஒர்க்ஷாப்பில் காட்டினேன். பையன் கெட்டிக்காரன், பைக் வேலை அருமையாகச் செய்வான். டிஸ்க்கில் லேசாகத் துரு இருந்தது. வருஷத்துக்கு ரெண்டு பருவமழையும் உப்புக்காற்றும் இருக்கிற நம்ம மாவட்டத்தில் துருப் பிடிக்காத இரும்பு எது? அவன் துரு நீக்குகிற எண்ணெய் டப்பாவை எடுத்து, டிஸ்க்கின் மேலேயே ஒரு அடி அடித்தான். "லேய், அது பிரேக்கு டிஸ்க்குலேய்!" என்று நான் கத்துவதற்குள் இரண்டாவது அடி. "ஒண்ணும் ஆவாதுண்ணே, துருவுக்கு நல்லது." துருவுக்கு நல்லதுதான், யார் இல்லை என்றது? எண்ணெயைக் குடித்த பேடு எதைப் பிடிக்கும்? அந்த இடத்துக்கு வேண்டியது பிரேக் கிளீனர். அடித்தால் அழுக்கை எடுத்துக்கொண்டு ஆவியாகிப் போய்விடும், பிசுக்கு மிச்சம் வைக்காது. பைக் டிஸ்க்கிலும் இப்படித்தான் அடிப்பாயா என்று கேட்டேன். "அதெப்படிண்ணே, பைக்குல ஆளு போவும்லா?" என்று சிரிக்கிறான்.

அதோடு விட்டானா? என்ஜின் நின்று நின்று போகிறது என்று கார்புரேட்டரின் ஐடில் ஸ்குரூவை (ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது என்ஜின் ஓடுகிற வேகத்தை அமைக்கிற ஸ்குரூ) நன்றாகத் திருகி ஏற்றிவிட்டான். சத்தம் என்னவோ கம்பீரமாகத்தான் வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கீழே வைத்தால் கார் தானாக நடக்கிறது. பிரேக் பிடித்தால் முனகிக்கொண்டே நடக்கிறது. உடனே தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் கூடி ஒரே தீர்ப்பு: "சர்வோ வீக்காயிட்டு."

கடைசியில் விஷயம் தெரிந்த மனிதர் எங்கே கிடைத்தார் தெரியுமா? குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்குக் காடு வெட்டும் மெஷின் பழுது பார்க்கிற கடையில். ரிமோட் காரை அவர் அதுவரை கையால் தொட்டதில்லை. என்ஜினைப் பார்த்ததும், "இது நம்ம மெஷினுல்லா சாரே?" என்றார். அப்படியே உண்மை. அதே டூ ஸ்டிரோக், அதே டயாபிரம் கார்புரேட்டர், அதே இழுகயிறு, வேகம் கூடினால் தானாக விரிந்து பிடிக்கிற அதே கிளட்ச். ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஓடும்போது காடு வெட்டும் மெஷினின் பிளேடு சுற்றக்கூடாது. சுற்றினால் ஐடில் ஏறியிருக்கிறது, இல்லாவிட்டால் கிளட்ச் ஸ்பிரிங் ஒடிந்தோ தளர்ந்தோ போயிருக்கிறது. காரிலும் அதேதான் கணக்கு. கிளட்ச் எந்நேரமும் டிரம்மை உரசிக்கொண்டிருந்தால் என்ஜின் ஒரு பக்கம் இழுக்கும், பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். டிஸ்க் சூடேறும், பேடு மெருகேறிப் பளபளக்கும், அப்புறம் எவ்வளவு பெரிய சர்வோ போட்டாலும் வழுக்கத்தான் செய்யும். மனிதர் காரைத் தூக்கிப் பிடித்தார், பின்சக்கரம் சும்மா சுற்றுவதைப் பார்த்தார், ஸ்குரூவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். சக்கரம் நின்றது, என்ஜின் நிற்கவில்லை. "இனி பிரேக்கு நோக்குங்க." காசு வேண்டாம் என்றார். பிடிவாதமாக ஒரு சாயாவாவது வாங்கிக் கொடுத்தேன். இவ்வளவு நாள் அறிவுரை சொன்னவர்களில் காரைத் தரையிலிருந்து தூக்கிப் பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

அதன் பிறகுதான் கம்பியை நிதானமாகப் பார்க்க முடிந்தது. காலர் ஸ்குரூ தளர்ந்து, காலர் பின்னால் நகர்ந்து போயிருந்தது. முதலில் பிரேக் குறையத் தொடங்கியதற்குக் காரணமே இதுதான். ஒற்றை சிலிண்டர் அதிர்கிற அதிர்வுக்கு எந்த ஸ்குரூ இருந்த இடத்தில் இருக்கும்? ஸ்குரூ கழலாமல் பிடிக்கிற நீல நிறப் பசை, த்ரெட்லாக், ஒரு சொட்டு விட்டு இறுக்கினால் முடிந்தது. அந்த ஒரு சொட்டை வண்டி பூட்டும்போதே விட்டிருந்தால் என்ன குறைந்துபோகும்? கூட வந்த குறிப்புப் புத்தகத்தில் படம் இருக்கிறது, படத்தில் அம்புக்குறி இருக்கிறது, எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பது மட்டும் இல்லை.

அளவு இல்லாவிட்டாலும் முறை ஒன்று இருக்கிறது. டிரிகரைத் தொடாதபோது கார்புரேட்டர் ஐடில் அளவுக்கு மூடியிருக்க வேண்டும், பேடு டிஸ்க்கை உரசாமல் இருக்க வேண்டும். முதலில் இதைச் சரிசெய்ய வேண்டும். பிறகு காலர். கடைசியாகத்தான் ரிமோட்டில் பிரேக் எல்லை. நம்ம ஆட்கள் எல்லாரும் முதலில் கைவைப்பதே ரிமோட்டில்தான். எல்லையை உச்சிக்கு ஏற்றிவிடுவார்கள். சர்வோ போக இடமில்லாமல் முட்டிக்கொண்டு 'ஙீ' என்று கத்தும், பேட்டரியை உறிஞ்சும், ஒருநாள் உண்மையிலேயே எரிந்து போகும். அப்போது வந்து நிற்பான், "அப்பமே சொன்னம்லா, சர்வோன்னு." அந்த ஆளை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்.

அடுத்து மணல். மண்டைக்காடு, மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலைப் பார்த்திருப்பீர்கள், கருப்பும் சிவப்புமாக வரிவரியாகக் கிடக்கும். கருப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு ஆலை வைத்துப் பிரித்தெடுக்கிற சரக்கு. இந்தக் கார்னெட்டை வைத்து உப்புத்தாள்கூடச் செய்கிறார்கள். அதைப் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் விட்டு அரைத்தால் என்ன மிஞ்சும்? போதாததற்கு டூ ஸ்டிரோக் புகையில் வருகிற ஆயில் பிசுக்கு காரின் பின்பக்கம் முழுக்கப் படிந்திருக்கும், மணல் அதில் அப்பிக்கொள்ளும். "பீச்சுல ஓட்டுங்கண்ணே, வீடியோ கிடிலமா வரும்" என்று கூப்பிடுகிற தம்பிகளே, நீங்கள் வீடியோ எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். ராத்திரி உட்கார்ந்து பழைய டூத் பிரஷ்ஷால் பிரேக்கைத் தேய்ப்பது நான்.

ஆனால் நிஜமான கோபம் வேறு. பிரேக்கைப் பற்றி இவ்வளவு பேசினவர்களில் ஒருவர்கூட, பெயில்சேப் வைத்திருக்கிறீர்களா என்று கேட்கவில்லை. சிக்னல் அறுந்தால் சர்வோ தானாக பிரேக்குக்குப் போக வேண்டும், அதை முன்கூட்டியே அமைத்து வைக்க வேண்டும், சக்கரத்தைத் தூக்கி வைத்து ரிமோட்டை அணைத்துச் சோதிக்க வேண்டும். அப்படி அமைத்தாலும், காருக்குள் இருக்கிற ரிசீவர் பேட்டரியே தீர்ந்துவிட்டால் அந்தப் பெயில்சேப் செல்லாது. கரண்ட் இல்லாத சர்வோ எப்படித் திரும்பும்? என்ஜினோ அந்தப் பேட்டரியை நம்பி ஓடவில்லை, பொறிக்குத் தனியாக மேக்னட்டோ இருக்கிறது. ஆக்சிலேட்டர் திறந்த நிலையில் சர்வோ உறைந்தால் எதிலாவது மோதும்வரை ஓடும். இதற்காகவே கில் சுவிட்ச் விற்கிறார்கள். சிக்னலோ பேட்டரியோ போனால் பொறியை நிறுத்தி என்ஜினை அணைத்துவிடும். சர்வோவை மட்டும் வாய் வலிக்க விற்கிறவன் இதை ஏன் சொல்வதில்லை? ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பந்து விளையாடுகிற பொடியன்கள், "மாமா, இங்க விடுங்க மாமா" என்று காருக்கு முன்னாலேயே ஓடி வருகிறார்கள். அவர்களை அப்பால் அனுப்பாமல் நான் என்ஜின் கயிற்றைத் தொடுவதில்லை. சிடுமூஞ்சி மாமா என்று பெயர் வாங்கியாயிற்று, இருக்கட்டும்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் என் காரில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். பிரேக் பிடித்ததும் எடை முன்பக்கம் சாயும், பின்டயருக்குத் தரையில் பிடி குறையும், ஒரு அளவுக்கு மேல் பிடித்தால் டயர் சறுக்கி வண்டி சுற்றத்தான் செய்யும். இதைச் சொன்னதும் மச்சானுக்கு ஞானோதயம் வந்துவிட்டது. அவரிடமும் இதே கார் இருக்கிறது. முன்சக்கரத்துக்கும் சேர்த்து ஹைட்ராலிக் பிரேக் கிட் போடப் போகிறாராம். நல்ல சாதனம்தான், நான் தப்புச் சொல்லவில்லை. ஆனால் டியூபில் காற்றுக்குமிழி இருந்தால் குமிழிதான் நசுங்கும், பேடு நகராது. எண்ணெயும் அந்தக் கிட்டுக்கு எழுதியிருப்பதையே ஊற்ற வேண்டும், மினரல் ஆயில் கேட்கிற கிட்டில் பைக் பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல் கெட்டுப்போகும். இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் ஆர்டர் போட்டுவிட்டார். கூடவே ஒரு வேண்டுகோள்: அவர் காரில் பூட்டுவதற்கு முன்னால் என் காரில் ஒருதடவை பூட்டிப் பார்க்க வேண்டுமாம்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். ரெண்டு நாளாக மச்சான் போனை எடுப்பதில்லை.