ஆமாம், நான் கிராமர் நடத்துகிற டீச்சர்தான்

ஆங்கில ஆசிரியர்களுக்கான நேற்றைய பயிற்சி வகுப்பில் நடந்தது இங்கே பாதிப் பேருக்கு நேரிலேயே தெரியும், மீதிப் பேருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். விதி எதுவும் சொல்லாமலே ஆங்கிலத்தைக் கொண்டுவர வேண்டும் என்று பேசிய பயிற்சியாளர், “இன்னும் போர்டில் கிராமர் ரூல் எழுதுகிறவர்கள் கை தூக்குங்கள்” என்றார். தூக்கினோம். அதற்கப்புறம் ஒரு சிரிப்பு எழுந்ததே, அதுதான் இன்னும் காதில் கிடக்கிறது.

சரி, இங்கேயும் கை தூக்குகிறேன். கிராமரை வாய்விட்டுச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

“குழந்தை தாய்மொழியை இலக்கணம் படித்துவிட்டா பேசுகிறது?” குழந்தை விழித்திருக்கும் நேரமெல்லாம் அந்த மொழிக்குள்ளேயே கிடக்கிறது சார். என் மாணவர்களுக்கு மணி அடித்ததும் ஆங்கிலம் முடிந்துவிடுகிறது.

உடனே கிராஷன் என்ற மொழியியலாளர் பெயர் வரும். புரிகிற மொழியைக் கேட்டும் வாசித்தும்தான் மொழி வரும், படித்த விதி சொன்னதைச் சரிபார்க்க மட்டுமே உதவும் என்று 1982இல் எழுதினார். நல்லது. அத்தோடு உலகம் நின்றுவிட்டதா? 2000இல் நோரிஸ், ஒர்டேகா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 49 ஆய்வுகளைச் சேர்த்து அலசி, விதியை எடுத்துச் சொல்லி நடத்தியதில்தான் பலன் கூடுதல் என்றார்கள். “அந்த ஆய்வுகளில் வைத்த தேர்வுகளே விதி தெரிந்தவர்களுக்குச் சாதகம்” என்பீர்கள். இருக்கட்டுமே, என் மாணவர்கள் எழுதுவதும் தேர்வுதானே!

என்னிடம் ஒரு மாணவி, கூச்சமே இல்லாமல் பேசுவாள். “யெஸ்டர்டே ஐ ஹேவ் சீன் ஹிம்” என்பாள். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே, திருத்துவது தெரியாமல் திருத்தினேன்: “ஓ, யூ சா ஹிம்?” அவள் சந்தோஷமாகத் தலையாட்டி, “யெஸ் மிஸ், ஐ ஹேவ் சீன்!” கடைசியில் போர்டில் ஒரு கோடு போட்டு, முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ வராது என்றேன். “இவ்வளவுதானா மிஸ்?” என்று பழைய நோட்டை எடுத்து, பக்கம் பக்கமாகத் தானே சிவப்பில் வட்டம் போட்டாள்.

“எத்தனை தடவை சொன்னாலும் ‘ஷி கோ’ என்றுதானே பேசுகிறார்கள்?” உண்மைதான், ‘ஷி கோஸ்’ என்பதில் வரும் அந்த ‘எஸ்’ லேசில் வராது. அதற்காக மற்றதையும் சொல்லாதே என்பதா?

உண்மையில் வலி கிராமரில் இல்லை. நாங்கள் படித்த மாதிரியே நடத்துகிறோமாம், பழக்கதோஷமாம், எங்கள் ‘நம்பிக்கைகளை’ மாற்ற வேண்டுமாம். அதற்கு ஒரு படிவம் வேறு. ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டம். ஏன் அப்படி நம்புகிறேன் என்று எழுத ஒரு வரி இடம் இல்லை! பயிற்சி முழுக்க எங்களைப் பற்றியே பேசினார்கள், எங்களிடம் யாரும் பேசவில்லை. “நீங்கள் கடைசியாக வகுப்பெடுத்தது எப்போது சார்?” என்று கேட்டேன். நேரமாகிவிட்டது என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

பழைய ஆள் என்று கமெண்டில் திட்டப் போகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். அந்தப் பயிற்சியாளர் மட்டும் ஒருநாள் என் வகுப்புக்கு வரட்டும். ‘ஏ’ எங்கே வரும், ‘தி’ எங்கே வரும், இரண்டும் எங்கே வராது என்பதை விதி ஒன்றுகூடச் சொல்லாமல் முக்கால் மணி நேரத்தில் நடத்திக் காட்டட்டும். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்ஸ் எடுக்கிறேன்.