கழுத்து வளையுது என்பதற்காக விட்டுவிடாதீர்கள்

மூளைக்காய்ச்சல் என்றால் காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்பு மூன்றும் இருக்கும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பொதுவாகச் சரிதான். ஆனால் எச்.ஐ.வி. முற்றியவர்களுக்கு இதை அளவுகோலாக வைத்தால் ஆபத்து. கழுத்து விறைப்பதும், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தண்டுவட நீரில் வெள்ளணுக்கள் கூடுவதும் உடல் கிருமியை எதிர்ப்பதால் வருபவை. எதிர்க்கும் சக்தியே இல்லாதவருக்கு அவை எப்படி வரும்?

இவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரவைக்கும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை அப்படித்தான் ஏமாற்றும். வாரக்கணக்கில் தலைவலி, கொஞ்சம் வாந்தி, பார்வை மங்கல், அவ்வளவுதான். ஸ்கேன்கூட பல நேரம் சுத்தமாக இருக்கும். அதனால் ஸ்கேன் நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. தண்டுவட நீரில் கறுப்பு மை கலந்து நுண்ணோக்கியில் பார்க்கும் இந்தியா இங்க் சோதனை, பூஞ்சை குறைவாக இருந்தால் தவறவிடும். பூஞ்சையின் பொருளைக் கண்டுபிடிக்கும் ஆன்டிஜென் பட்டைச் சோதனை பத்து நிமிடத்தில் சொல்லிவிடும். ரத்தத்திலும் செய்யலாம்; அறிகுறி வருவதற்குப் பல வாரங்கள் முன்பே காட்டிக்கொடுக்கும். ரத்தத்தில் சிடி4 என்ற எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை 100-க்குக் கீழே இருந்தால் எச்.ஐ.வி. மருந்து தொடங்கும் முன் இதைச் செய்யச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே பரிந்துரைத்தது. இதைக் கட்டுரையில் கட்டாயம் சேர்த்திருக்க வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. தண்டுவட நீர் எடுக்கும்போதே அதன் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். இந்த நோயில் கண் பார்வை போவதற்கும் உயிர் போவதற்கும் பெரிய காரணம் அந்த அழுத்தம். நீரை வடித்தாலே தலைவலி அப்போதே குறைவதைப் பார்க்கலாம். தேவைப்பட்டால் தினமும் வடிப்பார்கள். இந்த நீரை எடுக்க முதுகில் ஊசி என்றதும் பயந்து குடும்பத்தார் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். அவர்களிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.