சைக்கி தங்கக் கட்டியா?

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சைக்கி சிறுகோள் முழுக்கத் தங்கம், நாசா அதை வெட்டியெடுத்து வரப் போயிருக்கிறது என்று பரவும் செய்தி தவறு.

அதன் அடர்த்தியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அருகே கடக்கும் சிறுகோள்களின் பாதையைச் சைக்கியின் ஈர்ப்பு எவ்வளவு வளைக்கிறது என்பதிலிருந்து அதன் நிறையைக் கணக்கிடுகிறார்கள். சராசரி விட்டம் சுமார் 220 கி.மீ. நிறையைக் கன அளவால் வகுத்தால் கன செ.மீ.க்கு ஏறத்தாழ 4 கிராம். தங்கம் 19.3, இரும்பே 7.9! ஆகவே கன அளவில் 30 முதல் 60 சதவீதம்தான் உலோகம் என்பது இப்போதைய மதிப்பீடு. அதுவும் பெரும்பாலும் இரும்பும் நிக்கலும். மீதி பாறை, இடைவெளிகள். சைக்கியின் மதிப்பு என்று பரவி உலகையே கவர்ந்த பிரம்மாண்ட டாலர் தொகை, இரும்பின் சந்தை விலையை வைத்துப் போட்ட கற்பனைக் கணக்கு.

2023 அக்டோபர் 13 அன்று ஏவப்பட்ட விண்கலத்தில் கேமராக்கள், காந்தமானி, காமா கதிர்–நியூட்ரான் நிறமாலைமானி (என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று கண்டறியும் கருவி) உள்ளன. தோண்டும் கருவி எதுவுமில்லை. 2029இல் சேர்ந்ததும் சுற்றிவந்து ஆராயும். தரையிறங்காது, திரும்பியும் வராது.