டிரைவரை அழிப்பது முதல் வேலை அல்ல
புது கேமிங் லேப்டாப்பில் கேம் திக்கினால் உடனே கிராபிக்ஸ் டிரைவரை (திரைப்படத்தை உருவாக்கும் சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அது கடைசியில் செய்ய வேண்டியது. இந்த லேப்டாப்களில் பெரும்பாலும் இரண்டு ஜிபியு (திரையில் தெரியும் காட்சியை உருவாக்கும் பகுதி) இருக்கும்; பிராசசரோடு சேர்ந்த வலுக் குறைந்தது ஒன்று, வலுவான தனி சிப் ஒன்று. என் அக்கா மகனின் லேப்டாப்பில் டிரைவர் நன்றாகத்தான் இருந்தது, கேம் ஓடியது பிராசசரோடு வந்த ஜிபியுவில்! எது உழைக்கிறது என்பதை விண்டோஸில் உள்ள டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கமே காட்டிவிடும். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய் அந்த கேமுக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' கொடுத்ததும் சரியாகிவிட்டது. சார்ஜரையும் செருகி வையுங்கள், வெறும் பேட்டரியில் தனி சிப்புக்கு முழு மின்சாரம் போகாது. டிரைவரை அழித்தாலும் பழைய பதிப்பே திரும்ப வருகிறது என்று அந்தக் கட்டுரையின் கீழ் கேட்டிருக்கும் நண்பரே, அழிக்கும் முன் இணையத்தைத் துண்டித்துவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் தன்னிடம் உள்ளதைத் தானாகவே போட்டுவிடும்.