கழிச்சலுக்குக் காரணம் கொள்ளு இல்லை

“குதிரை குட்டி போட்டதும் அதற்குக் கொள்ளு, தானியத்தை நிறுத்திவிடுங்கள், பால் சூடாகிக் குட்டிக்குக் கழிச்சல் வரும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பிறந்து ஒன்று, இரண்டு வாரத்தில் பெரும்பாலான குட்டிகளுக்கு லேசான கழிச்சல் வரும். குட்டி போட்ட பின் தாய்க்கு முதல் சினைப்பருவம் வருவதும் அதே சமயம்தான், அதனால் பழி பாலின் மேல் விழுகிறது. ஆனால் தாய் இல்லாமல் புட்டிப்பாலில் வளரும் குட்டிக்கும் இது வருகிறதே! குடல் பழகும் கட்டம் அது. குட்டி தாயின் சாணத்தைக் கொறிப்பதும் அதில் ஒரு பகுதிதான், விரட்ட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு. குட்டி சோர்ந்து படுத்திருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, தாயின் மடி விம்மியிருக்க, குட்டியின் நெற்றியில் பால் வழிந்து காய்ந்திருக்கிறதா? மடிக்கடியில் நிற்கிறது, குடிக்கவில்லை என்று அர்த்தம். உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

500 கிலோ குதிரை முதல் மூன்று மாதம் தினமும் சுமார் 15 லிட்டர் பால் தரும். சும்மா நிற்கும் குதிரையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எரிசக்தி அதற்குத் தேவை. வெறும் காய்ந்த புல்லில் விட்டால் உடம்பைக் கரைத்துத்தான் பால் கொடுக்கும், விலா தெரிய ஆரம்பிக்கும்.

தானியத்தை ஒரேயடியாகக் கூட்டாமல் பத்துப் பதினைந்து நாளில் படிப்படியாக, சிறு சிறு வேளைகளாகக் கூட்டுங்கள். அவசரப்பட்டால் வயிற்றுவலிதான். அப்புறம், தவிட்டை மட்டும் அள்ளிக் கொட்டாதீர்கள். அதில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. இரண்டு, மூன்று மாதம் ஆனதும் தாய் எட்டாத தடுப்புக்குள் குட்டிக்குத் தனித் தீனி வைக்கலாம்.