ஒரு புள்ளியும் ஒரு அடிக்கோடும்

போன வெள்ளிக்கிழமை, சிறுசேரி. ஆறரை மணி ஆபீஸ் பஸ்ஸுக்காகப் பையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். பக்கத்து சீட் தம்பி, "அக்கா, ஒரு நிமிஷம். நூறு எரர் வருது" என்றான்.

நூறு என்றதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. நாம் எழுதும் ப்ரோக்ராமை மெஷின் ஓட்டும் வடிவுக்கு மாற்றுகிற ஜாவா கம்பைலரிடம் நாம் வேறு எண் எதுவும் சொல்லாவிட்டால் 100 பிழைகளோடு காட்டுவதை நிறுத்திக்கொள்ளும். முழுதாக நூறு வந்தால் பெரும்பாலும் தவறு ஒன்றாகத்தான் இருக்கும்.

திரையில் வரிக்கு வரி 'இல்லீகல் கேரக்டர்'. ஃபைல் பெயரைப் பார்த்தேன். மெயின் டாட் ஜாவாதான், ஆனால் முன்னால் ஒரு புள்ளி, ஓர் அடிக்கோடு. "இதை யார் எழுதினது?" "நான் எழுதலக்கா." உண்மைதான், அவன் எழுதவில்லை. அவனுடைய மேக் எழுதியது.

மேக்கில் ஒரு ஃபைலோடு சில கூடுதல் விவரங்களும் ஒட்டிக்கொண்டிருக்கும். இணையத்திலிருந்து இறங்கியது என்ற முத்திரை, அப்படிச் சில. அங்கே டார் போட்டு, அதாவது பல ஃபைல்களை ஒரே பொட்டலமாகக் கட்டும்போது, இந்த விவரங்களைத் தனி ஃபைலாக்கி, அதே பெயருக்கு முன்னால் புள்ளியும் அடிக்கோடும் சேர்த்து உள்ளே வைத்துவிடும். லினக்ஸ் சர்வரில் பிரித்தால் ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில் ஒரு நிழல். பெயர் டாட் ஜாவா என்று முடிகிறது. உள்ளே ஒரு வரி ஜாவாகூடக் கிடையாது. முதல் பைட்டே பூஜ்யம். கம்பைலர் வேறு என்ன செய்யும், பாவம்.

கம்பைல் வேலையைத் தானாகச் செய்யும் எங்கள் பழைய பில்ட் ஸ்கிரிப்ட், ஃபைல்களைத் தேடும் ஃபைண்ட் கட்டளையை வைத்து டாட் ஜாவா என்று முடிகிற எல்லாவற்றையும் அள்ளிக் கம்பைலரிடம் கொடுக்கும். நாம் கட்டளை அடிக்கும் ஷெல்லின் நட்சத்திரக் குறி புள்ளியில் தொடங்கும் பெயர்களைத் தொடாது. ஃபைண்டுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. ஃபைல் பட்டியல் காட்டும் எல்எஸ் கட்டளையைச் சும்மா அடித்துப் பார்த்தால் கண்ணிலும் படாது. அதனால்தான் பையன் ஒரு மணி நேரம் முழித்திருக்கிறான்.

"சரிக்கா, அதையெல்லாம் டெலீட் பண்ணிட்டேன், இப்போ ஓடுது" என்றான். என் சண்டை ஆரம்பித்தது அங்கேதான். இன்று நீ அழித்துவிட்டாய். அடுத்த மாதம் இன்னொருவர் மேக்கிலிருந்து டார் அனுப்புவார், அன்றைக்கும் ஒரு வெள்ளிக்கிழமை போகும். அந்தப் பெயர்களை ஒதுக்கச் சொல்லி ஸ்கிரிப்டில் ஒரு வரி எழுது, ஏன் ஒதுக்குகிறோம் என்று மேலே ஒரு வரி கமென்ட் போடு.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. 2000இல் வெளிவந்த அப்பாச்சி ஆன்ட் என்ற பில்ட் கருவியில், நாம் கேட்காமலே ஒதுக்கப்படும் பெயர்களின் பட்டியல் ஒன்று உண்டு. புள்ளி அடிக்கோடு அதில் இருக்கிறது. மேக் தானாகப் போடும் டிஎஸ் ஸ்டோர் ஃபைல், பழைய பதிப்புகளைச் சேமிக்கும் சிவிஎஸ்ஸின் ஃபோல்டர், டில்டா (~) குறியில் முடியும் பேக்கப் எல்லாம் இருக்கின்றன. ஈமேக்ஸ் எடிட்டர் போடும் பூட்டு ஃபைலும் இருக்கிறது. அது எங்குமே இல்லாத ஓர் இடத்தைக் காட்டுகிற ஒரு சிம்லிங்க் (குறுக்குவழி), ஆனால் பெயர் மட்டும் ஒழுங்காக டாட் ஜாவா என்று முடியும். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ பஸ்ஸை விட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். கோ மொழியில் இன்னும் கறார். புள்ளியிலோ அடிக்கோட்டிலோ தொடங்கும் ஃபைலை கோ பில்ட் எடுத்துக்கொள்ளவே செய்யாது.

இப்படி ஒதுக்கச் சொல்லும் வரிக்குத்தான் எக்ஸ்க்ளூட் என்று பெயர். அழையா விருந்தாளிகளை வாசலில் நிறுத்தத்தான் அது. நம் வீட்டு ஆளை ஒளித்துவைக்க அல்ல. இதை நான் சொல்லக் காரணம், நானே ஒளித்துவைத்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், மேவன் என்ற பில்ட் கருவியில் ஒரு ப்ராஜெக்ட். டாக்ஸ் கணக்கிடும் பழைய ஜாவா கிளாஸ் ஒன்று, அழிக்கப் பயம். கம்பைலர் ப்ளக்இன்னில் எக்ஸ்க்ளூட் போட்டுவிட்டு, போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் ஜாரை, அதாவது கம்பைல் ஆனதையெல்லாம் கட்டிவைத்த பொட்டலத்தை, திறந்து பார்த்தால் மகராசன் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்! வேறொரு கிளாஸ் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தது. எக்ஸ்க்ளூட், கம்பைலரிடம் கொடுக்கும் பட்டியலிலிருந்துதான் பெயரை எடுக்கிறது. இன்னொரு ஃபைல் அந்த கிளாஸைக் கேட்டால், கம்பைலர் சோர்ஸ்பாத்தில், அதாவது சோர்ஸ் ஃபைல்களைத் தேடும் இடங்களில், தேடிப்போய்த் தானே கம்பைல் செய்துகொள்ளும். டைப்ஸ்கிரிப்ட் மொழியிலும் இதே கதை: எக்ஸ்க்ளூடில் இருந்தாலும், யாராவது இம்போர்ட் செய்தால் அந்த ஃபைல் உள்ளே வந்துவிடும்.

ஆக, வேண்டாத சோர்ஸ் கோட் என்றால் அழியுங்கள், பழைய பதிப்புகளைச் சேமிக்கும் கிட் ஞாபகம் வைத்திருக்கும். எக்ஸ்எம்எல், டெம்ப்ளேட் மாதிரி ஜாவா அல்லாத ஃபைல் என்றால் ரிசோர்சஸ் ஃபோல்டருக்கு அனுப்புங்கள். (அதையும் ஜாவா ஃபோல்டரிலேயே போட்டுவிட்டு, "என் எக்ஸ்எம்எல் ஜாருக்குள் வரவில்லையே" என்று மேவனைத் திட்டுபவர்களை எனக்குத் தெரியும். மேவன் அதை அங்கிருந்து எடுப்பதே இல்லை.) இரண்டிலும் சேராமல், நம்மைக் கேட்காமல் வந்து விழுவதற்கு மட்டும் எக்ஸ்க்ளூட் எழுதுங்கள். முடிந்தால் அதை வருகிற இடத்திலேயே நிறுத்துங்கள். மேக்கில் காப்பிஃபைல் டிசேபிள் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை 1 என்று வைத்துவிட்டு டார் போட்டால், நிழல்கள் உள்ளே வராது.

தம்பி வரியை எழுதி முடிக்கும்போது மணி ஏழேகால். பஸ் எப்போதோ போய்விட்டது. சோழிங்கநல்லூர் வரை ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை ஒரு வீம்பில் எங்கள் பெரிய ப்ராஜெக்டின் மேவன் அமைப்புகள் இருக்கும் பாம் ஃபைலைத் திறந்தேன். எக்ஸ்க்ளூட் பதினொன்று. காரணம் தெரிந்தவை நான்கு. மீதி ஏழில் இரண்டு, கிட் ஹிஸ்டரிப்படி, நான் போட்டவை.