அத்தை சேலையும் ஆடிட்டர் சீலும்

போன மாசம் எங்க அத்தை ஏதோ ஒரு ஆன்லைன் கடைல 1,450 ரூபாய்க்கு சேலை வாங்குனாங்க, வந்து சேந்தது ஜன்னல் ஸ்கிரீன் துணி, திருப்பி அனுப்பலாம்னா சைட்ல போன் நம்பரே இல்ல. பாத்து வாங்கக்கூடாதா அத்தைன்னா, "கீழ பச்சையா 100% பாதுகாப்புன்னு சீல் குத்தியிருந்துச்சேடா"ங்குறாங்க. அந்த சீல் மேல விரல வச்சு அமுக்கிப் பாத்தேன், இமேஜ சேவ் பண்ணவான்னு கேக்குது. வெறும் படம்!

நான் ஆடிட்டர் ஆபீஸ்ல குப்பை கொட்டுறவன், அதனால இது கொஞ்சம் ஜாஸ்தியாவே உறுத்துச்சு. ஏன்னா இந்த சீல் விஷயத்த எங்க தொழில்காரங்க 1997லயே ஒழுங்கா செஞ்சு பாத்தாங்க. அமெரிக்காவோட சிபிஏ (அங்கத்த ஆடிட்டருங்க) சங்கமும் கனடா சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் சங்கமும் சேந்து வெப்டிரஸ்ட்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. கடைக்கு சம்பந்தமே இல்லாத ஒரு அக்கவுண்டன்ட் உள்ள போயி, ரிட்டர்ன் பத்தி எழுதிப் போட்டபடி நடக்குறாங்களா, ஆர்டர் சரியா பில்லாகி சரியா போய் சேருதா, கஸ்டமர் விவரம் பத்திரமா இருக்கான்னு நோண்டிப் பாத்துட்டுத்தான் சீல் குடுப்பாரு. ஆரம்பத்துல 90 நாளுக்கு ஒருக்கா மறுபடி பாக்கணும். சீல கிளிக் பண்ணா அவரோட ரிப்போர்ட்டே திறக்கும்.

ஆனா ஓடல. கடைக்காரனுக்கு செலவு அதிகம், வாங்குறவங்களுக்கு எந்த சீல் எப்படின்னு வித்தியாசமே தெரியாது. டிரஸ்ட்இ-ன்னு இன்னொரு சீல் கம்பெனி ஆயிரத்துக்கு மேல வருஷாந்திர மறுபரிசோதனைய செய்யாமலே விட்டுருச்சுன்னு 2014ல அமெரிக்க எஃப்டிசி (வியாபார ஏமாத்து வேலைய கண்காணிக்கிற அரசு அமைப்பு) பிடிச்சுது. வெப்டிரஸ்ட் இப்பவும் இருக்கு, ஆனா கடைக்கு இல்ல, பிரவுசர்ல சைட் அட்ரஸ் பக்கத்துல காட்டுன பூட்டு படத்துக்குப் பின்னாடி இருக்குற சர்ட்டிஃபிகேட்ட குடுக்குற கம்பெனிங்கள தணிக்கை பண்ண. அந்தப் பூட்டையும் ஜனங்க "நல்ல கடை"ன்னு தப்பா எடுத்துக்கிறாங்கன்னு குரோம்காரன் 2023ல தூக்கிட்டான். பூட்டு, தகவல் போற வழில யாரும் எட்டிப் பாக்கலன்னுதான் சொல்லும், திருட்டு சைட்டுக்கும் அது கிடைக்கும்ல.

என்னக் கேட்டா ஆடிட்டர் "நம்பலாம்"னு சொல்லவே வேணாம், நம்பர சொல்லட்டும். மூணு மாசத்துல எத்தன பேர் ரிட்டர்ன் கேட்டாங்க, எத்தன பேருக்கு காசு வந்துச்சு, எத்தன நாள்ல. ஆர்டர் லிஸ்ட்ட ஒரு பக்கம், பேங்க் ஸ்டேட்மென்ட்ட ஒரு பக்கம் வச்சு டிக் அடிக்கிற வேலை, எங்க ஆபீஸ்ல ஆர்டிக்கிள் பசங்க (சிஏ படிச்சுக்கிட்டே பயிற்சி எடுக்குறவங்க) தினம் டீ குடிச்சிக்கிட்டே பண்றதுதான். 2009ல வெளிய வந்த சத்யம் கம்பெனி பொய்க் கணக்க ஆடிட்டருங்க பிடிக்கலியேன்னு கமெண்ட்ல இழுப்பீங்க, இழுங்க, கம்பெனி காசுல கம்பெனிய தணிக்கை பண்றதுல இருக்குற கோளாறு இதுலயும் இருக்கு. ஆனா நம்மூர்ல சிஏ குடுக்குற சர்ட்டிஃபிகேட்டுக்கு 18 இலக்க யுடிஐஎன் நம்பர் உண்டு, சிஏ இன்ஸ்டிட்யூட் போர்ட்டல்ல போட்டா கையெழுத்து போட்டது யாருன்னு வந்துரும். அந்த நம்பர சீலுக்குக் கீழ போடச் சொல்லுங்க. பொய் சொன்னா பிடிக்க ஒரு ஆளாச்சும் இருப்பான்ல, பச்சைப் படத்துல யார பிடிக்கிறது?

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போட்டு புகார் குடுத்தாச்சு. அத்தை அதுக்குள்ள வந்த துணிய ரெண்டா கிழிச்சு ஹால் ஜன்னல்ல மாட்டிட்டாங்க, ரிட்டர்ன் எடுக்க ஆள் வந்தா என்னத்த குடுக்கிறதுன்னு தெரியல.